படிக்கவும் மாற்றவும் அனுமதி

ஆகஸ்ட் மாதம் பல்கலைக்கழகத்தில் புதிய பருவம் தொடங்கியதும் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் ஒரு பட்டியல் சுற்றத் தொடங்கும். மூத்த மாணவர்கள் அன்போடு தொகுத்துத் தருவது அது. எந்த உணவங்காடியில் மலிவாகச் சாப்பிடலாம், எந்தப் பாடத்துக்குப் புத்தகமே வாங்கவேண்டாம் என்பவற்றோடு, மடிக்கணினியில் உடனே போட்டுக்கொள்ளவேண்டிய 'எக்ஸ்டென்ஷன்கள்' என்றும் ஒரு பகுதி இருக்கும். இலக்கணம் திருத்த ஒன்று, மேற்கோள் குறிப்புகளை ஒழுங்குபடுத்த ஒன்று, யூடியூப் விரிவுரையைச் சுருக்கித் தர ஒன்று, இரவில் கண் கூசாமல் இருக்கத் திரையைக் கறுப்பாக்க ஒன்று, 11.11 விற்பனையில் தள்ளுபடிக் குறியீடு தேட ஒன்று. பத்து நிமிடங்களில் எல்லாவற்றையும் போட்டுவிடலாம். எல்லாமே இலவசம்.

தமிழில் இவற்றை உலாவி நீட்சிகள் என்கிறோம். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற உலாவிகளோடு ஒட்டிக்கொண்டு இயங்கும் சிறிய மென்பொருள்கள் இவை. ஒரு நீட்சியைப் போடும்போது சின்னதாக ஒரு பெட்டி தோன்றும். எல்லா இணையத்தளங்களிலும் உள்ள உங்கள் தரவு அனைத்தையும் படிக்கவும் மாற்றவும் இதனால் முடியும் என்ற பொருளில் அதில் ஒரு வரி இருக்கும். நம்மில் பெரும்பாலோர் அதை வாசிப்பதில்லை. வாசிப்பவர்களும் வழக்கமான சட்ட வாசகம் என்று கடந்துவிடுகிறார்கள். ஆனால், அந்த வரி சொல்லுக்குச் சொல் உண்மையானது. அதில் ஒரே ஒரு சொல்லோடுதான் எனக்கு உடன்பாடில்லை. 'உங்கள்' என்ற சொல். அந்தத் தரவு நம்முடையது மட்டும் அன்று.

முதலில் 'படிக்க முடியும்' என்பதன் பொருளைப் பார்ப்போம். இணைய முகவரியின் தொடக்கத்தில் 'எச்டிடிபிஎஸ்' என்று இருந்தால் பாதுகாப்பு என்று பள்ளியில் சொல்லித் தந்தார்கள். அது சரிதான். வங்கியின் கணினியிலிருந்து நம் கணினிக்கு வரும் தகவலை வழியில் வேறு யாரும் பிரித்துப் படிக்க முடியாதபடி அது பூட்டி அனுப்புகிறது. ஆனால் பக்கம் நம் திரையில் விரியவேண்டுமானால் அந்தப் பூட்டைத் திறந்தாகவேண்டும். நீட்சி வேலை செய்வது திறந்த பிறகு. முத்திரை கலையாமல் வீடு வந்து சேர்ந்த கடிதத்தை நாம் பிரித்துப் படிக்கும்போது, தோளுக்குப் பின்னால் ஒருவர் நின்று எட்டிப் பார்ப்பது போன்றது இது. (முகவரிக்கு அருகே இருந்த பூட்டுச் சின்னத்தை 2023ஆம் ஆண்டு குரோம் உலாவி எடுத்தேவிட்டது. பூட்டைப் பார்ப்பவர்கள் 'இந்தத் தளம் நம்பகமானது' என்று தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பது கூகல் சொன்ன காரணம்.)

ஒருமுறை மட்டும் பயன்படும் கடவுச்சொல்லும் சிங்பாஸ் கியூஆர் குறியீடும் வாசலில் நிற்கும் காவலர்கள். நாம் உள்ளே நுழைந்தபின் திரையில் தெரியும் கணக்கிருப்பும் பெயரும் முகவரியும், எல்லாத் தளங்களுக்கும் அனுமதி பெற்ற நீட்சிக்கும் தெரியக்கூடியவை. பெரும்பாலான நீட்சிகள் அவற்றைத் தொடுவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். நாம் எழுதுவதைப் படிக்காமல் ஓர் இலக்கணத் திருத்தியால் எப்படித் திருத்த முடியும்? அனுமதி கேட்பதே குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். படித்ததை அது என்ன செய்கிறது என்பது நம் திரையில் தெரிவதில்லை. அங்கேதான் சிக்கல்.

என்ன செய்யக்கூடும் என்பதற்கு நான் அறிந்தவற்றில் ஆகத் தெளிவான சான்று ஜெர்மனியில் கிடைத்தது. அந்நாட்டின் என்டிஆர் ஒலிபரப்பு நிறுவனச் செய்தியாளர் ஸ்வேயா எக்கர்ட்டும் தரவு அறிவியலாளர் ஆண்ட்ரியாஸ் டேவெஸும், பெயரளவில் ஒரு விளம்பர நிறுவனத்தை உருவாக்கி, மக்கள் இணையத்தில் எங்கெங்கே போகிறார்கள் என்ற தரவு வேண்டும் என்று தரவு விற்பவர்களிடம் கேட்டார்கள். ஏறத்தாழ 3 மில்லியன் ஜெர்மானியர்கள் சென்று பார்த்த பக்கங்களின் முகவரிகள் கிடைத்தன. அதுவும் 'மாதிரிக்கு' என்று இலவசமாக. 2016ஆம் ஆண்டின் இறுதியில் இது செய்தியானது. மறு ஆண்டு லாஸ் வேகசில் நடந்த டெஃப்கான் மாநாட்டில் இருவரும் இதை விரிவாக விளக்கினார்கள். அந்தத் தரவின் பெரும்பகுதி வெறும் 10 நீட்சிகளின் வழியாக வந்திருந்தது. அவற்றில் ஒன்றின் பெயர் 'வெப் ஆஃப் டிரஸ்ட்'. எந்த இணையத்தளத்தை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று சொல்லித் தருவதுதான் அதன் வேலை!

தரவில் யார் பெயரும் இல்லை என்றுதான் விற்றவர்கள் சொன்னார்கள். ஆனால் முகவரிகளே ஆளைக் காட்டிக்கொடுத்தன. ஒருவர் டுவிட்டரில் தம் பதிவுகளை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற பக்கத்தைத் திறந்தால், அந்தப் பக்கத்தின் முகவரியிலேயே அவருடைய பயனர் பெயர் இருக்கும். அதை அவர் மட்டுமே திறக்க முடியும். ஆகவே, அந்த ஒரு வரி போதும், அதே வரிசையில் உள்ள மற்ற ஆயிரம் முகவரிகளும் யாருடையவை என்று தெரிந்துவிடும். ஒரு நீதிபதி இரவில் எதைப் பார்த்தார், நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் எந்த மருந்தைத் தேடினார் என்பதெல்லாம் இப்படி வெளிப்பட்டன. என்னை அதிகம் யோசிக்கவைத்தது ஒரு காவல்துறை அதிகாரியின் கதை. வெளிநாட்டிடம் உதவி கேட்டு எழுதவேண்டிய கடிதத்தை அவர் கூகல் மொழிபெயர்ப்பில் போட்டிருக்கிறார். அங்கே தட்டும் சொற்கள் பக்க முகவரியிலேயே சேர்ந்துகொள்ளும். அவர் நடத்திக்கொண்டிருந்த விசாரணையின் விவரம், முகவரி என்ற பெயரில் விற்பனைக்கு வந்துவிட்டது.

இது ஏன் என்னை யோசிக்கவைத்தது என்றால், வார இறுதிகளில் நான் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இருவருக்குத் தமிழ்த் துணைப்பாடம் நடத்துகிறேன். கட்டுரை எழுதும் முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆங்கிலத்தில் யோசித்து, ஆங்கிலத்தில் தட்டி, மொழிபெயர்ப்புப் பெட்டியில் ஒட்டி, வந்து விழும் தமிழைப் பார்த்து எழுதுவது. (இதை நிறுத்த நான் எடுத்துவரும் முயற்சிகள் தனிக் கட்டுரைக்குரியவை.) கொடுக்கப்படும் தலைப்புகளோ 'என் மனத்தைப் பாதித்த ஒரு நிகழ்வு' என்ற வகையைச் சேர்ந்தவை. அம்மாவின் அறுவை சிகிச்சை, அப்பாவுக்கு வேலை போன மாதம், அண்ணன் வீட்டைவிட்டுச் சென்றது. பதினான்கு வயதுப் பிள்ளை ஆசிரியர் ஒருவர் மட்டுமே படிப்பார் என்று நம்பி எழுதுகிறது. அந்த மொழிபெயர்ப்புத் தளத்தில் இன்றும், தட்டும் சொற்கள் முகவரியில் தெரியவே செய்கின்றன. நீங்களே ஒரு சொற்றொடரைப் போட்டு மேலே பாருங்கள்.

"என்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை" என்று நண்பர்கள் சொல்வதுண்டு. அவர்கள் விஷயத்தில் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால், நம் வீடுகளில் இருபது வயதுப் பிள்ளை என்றால் சம்பளமில்லாத கணினிப் பொறுப்பாளர் என்று பொருள். பாட்டியின் பலதுறை மருந்தக முன்பதிவு, அப்பாவின் மத்திய சேமநிதிக் கணக்கு, அத்தையின் சிடிசி பற்றுச்சீட்டு, அக்காவின் பிடிஓ விண்ணப்பம் எல்லாம் நம் மடிக்கணினியில்தான் திறக்கின்றன. "கண்ணு, இதைக் கொஞ்சம் பாரேன்" என்று பாட்டி கைப்பேசியை நீட்டும்போது, திரை பெரிதாக இருக்கட்டுமே என்று நாம்தான் மடிக்கணினியைத் திறக்கிறோம். அதே உலாவியில்தான் தள்ளுபடி தேடும் நீட்சியும் குடியிருக்கிறது. அதைப் போட்டபோது பாட்டியிடம் யாரும் கேட்கவில்லை. அவருடைய இரத்தச் சர்க்கரை அளவைப் படிக்கக்கூடிய ஒன்றுக்கு நாம் அவர் சார்பில் 'சரி' என்று சொல்லிவிட்டோம்.

சட்டம் இங்கே அவ்வளவாக உதவாது. சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012ல் இயற்றப்பட்டது. வலுவான சட்டம்தான்; 2022 அக்டோபர் முதல், விதிமீறும் பெரிய நிறுவனங்களுக்கு அவை சிங்கப்பூரில் ஈட்டும் ஆண்டு விற்றுமுதலில் 10 விழுக்காடு வரை அபராதம் விதிக்கலாம். ஆனால், அது நிறுவனங்களுக்கான சட்டம். சொந்தக் காரியமாகவோ குடும்பக் காரியமாகவோ செயல்படும் தனிமனிதருக்கு அது பொருந்தாது. பாட்டியின் விவரங்களைக் கையாளும் மருந்தகம் கேள்விக்கு உட்பட்டது. அதே விவரங்களைத் தன் உலாவியில் திறக்கும் பேரப்பிள்ளையை யாரும் கேட்கப்போவதில்லை. நீட்சியை உருவாக்கியவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதுகூடப் பல நேரங்களில் நமக்குத் தெரியாது.

நல்ல மதிப்பெண்ணும் நிறைய பயனாளர்களும் உள்ள நீட்சியாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் போதாதா என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் தேர்ந்தெடுப்பேன். ஆனால், அது போட்ட நாளுக்கு மட்டும் உதவும் அளவுகோல். 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்ற நீட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது தாவல்களைத் திறந்து வைத்துக்கொண்டு ஆய்வுக் கட்டுரை எழுதுபவர்களுக்கு அது வரப்பிரசாதம். பயன்படுத்தாத தாவல்களை உறங்கவைத்துக் கணினியின் வேகத்தைக் காக்கும். 2 மில்லியனுக்கும் அதிகமானோர் வைத்திருந்தார்கள். 2020ல் அதை உருவாக்கியவர் வேறு ஒருவருக்கு விற்றுவிட்டார். பெயரும் சின்னமும் அப்படியே இருக்க, உள்ளே இருப்பவர் மாறிவிட்டார். 2021 பிப்ரவரியில் அதில் தீங்குநிரல் இருப்பதாகக் கூறி கூகல் அதை அகற்றியது. நீட்சிகள் தாமாகவே புதுப்பித்துக்கொள்பவை என்பதால், விற்பனைக்கு முன்பு நல்லெண்ணத்தில் கொடுத்த அனுமதி அப்படியே புதியவர் கைக்குப் போய்விட்டது.

விற்கவே வேண்டாம், திருடலாம். 2024 கிறிஸ்மஸுக்கு முந்திய நாள், சைபர்ஹேவன் என்ற நிறுவனத்தின் ஊழியர் ஒருவருக்கு, குரோம் நீட்சிக் கடையிலிருந்து வந்ததுபோல ஒரு போலி மின்னஞ்சல் வந்தது. அவர் அதை நம்பி அனுமதி அளிக்க, நிறுவனத்தின் நீட்சிக்குத் திருடர்களே ஒரு புதிய பதிப்பை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 4 லட்சம் பயனாளர்கள். கண்டுபிடித்து நீக்க ஒரு நாள் ஆனது. அந்த நிறுவனத்தின் தொழில் என்ன தெரியுமா? தரவு கசியாமல் பாதுகாக்கும் மென்பொருள் விற்பது.

இலவசமாகக் கிடைப்பதற்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்ற கேள்விக்கும் பதில் பதிவாகியிருக்கிறது. நச்சுநிரல் தடுப்புக்குப் பெயர்பெற்ற அவாஸ்ட் நிறுவனம், தன் நீட்சிகள் வழியாகவும் மென்பொருள் வழியாகவும் திரட்டிய உலாவல் விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனத்தின் மூலம் விற்றதாக அமெரிக்காவின் கூட்டரசு வர்த்தக ஆணையம் கூறியது. வாங்கியவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர். 2024 பிப்ரவரியில் 16.5 மில்லியன் டாலர் செலுத்த ஆணையம் உத்தரவிட்டது. மக்களைக் கண்காணிப்பிலிருந்து காப்பதாகச் சொல்லித்தான் அந்த நீட்சிகள் விளம்பரப்படுத்தப்பட்டன.

இவ்வளவு சொன்ன பிறகு, எல்லா நீட்சிகளையும் தூக்கி எறியுங்கள் என்று முடிப்பது எளிது. அதில் எனக்கு விருப்பமில்லை. விளம்பரத் தடுப்பு நீட்சிகள் நம்மைப் பின்தொடரும் நிரல்களையும் சேர்த்தே தடுக்கின்றன. கடவுச்சொல் நிர்வாகி ஒன்று இருப்பது, ஒரே கடவுச்சொல்லைப் பத்து இடத்தில் போடுவதைவிட நல்லது. வாசிப்பதில் சிரமம் உள்ள மாணவர்களுக்குத் திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் நீட்சி ஆடம்பரப் பொருள் அன்று. அது மூக்குக்கண்ணாடி மாதிரி. அதனால்தான் 2019ல் சாம் ஜடாலி என்ற ஆய்வாளர் வெளிக்கொணர்ந்த விவகாரம் எனக்குக் கோபத்தைத் தந்தது. 4 மில்லியனுக்கும் அதிகமானோர் பயன்படுத்திய எட்டு நீட்சிகள் உலாவல் விவரங்களைச் சேகரித்து அனுப்பிக்கொண்டிருந்தன. வரி ஆவணங்களும் நோயாளிகளின் பெயர்களும் அவற்றில் சிக்கின. அந்த எட்டில் ஒன்று, உரையை வாசித்துக் காட்டும் 'ஸ்பீக்இட்'. வேறு வழியில்லாமல் அதைச் சார்ந்திருந்தவர்களும் பயனாளர்களில் இருந்திருப்பார்கள். சில நீட்சிகள் போட்டவுடன் வேலையைத் தொடங்காமல் மூன்று வாரங்களுக்கும் மேல் காத்திருந்தன என்பது இன்னும் மோசம். சோதிப்பவர்கள் அவ்வளவு நாள் பொறுத்திருக்கமாட்டார்கள் அல்லவா?

செய்யக்கூடியவை பெரிய வேலைகள் அல்ல. சிங்பாஸ், வங்கி, மருத்துவம் போன்றவற்றுக்கு உலாவியில் தனியாக ஒரு சுயவிவரத்தை உருவாக்கி, அதில் ஒரு நீட்சியும் போடாமல் வைத்துக்கொள்ளலாம். வீட்டார் விவகாரம் எல்லாம் அங்கே. அவசரத்துக்கு விருந்தினர் சாளரம் போதும். அதில் நீட்சிகள் இயங்கா. மற்ற நீட்சிகளுக்கு, உலாவியின் மேல்மூலையில் உள்ள புதிர்த்துண்டுச் சின்னத்தை அழுத்தி உள்ளே போனால், எல்லாத் தளங்களிலுமா, குறிப்பிட்ட தளங்களிலா, நாம் சொடுக்கும்போது மட்டுமா என்று கேட்கும் அமைப்பு இருக்கிறது. மேற்கோள் குறிப்பு எடுக்கும் நீட்சிக்கு நாம் சொடுக்கும்போது மட்டும் பார்த்தால் போதுமே! எதற்கு இருக்கிறது என்றே நினைவில்லாததை நீக்கிவிடலாம். தமிழில் தட்டச்சு செய்வதற்கென்று நீட்சி வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல்: அது தேவையே இல்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய அஞ்சல் விசைமுகம் ஆப்பிள் கணினிகளில் உள்ளிணைந்தே வருகிறது. விண்டோஸிலும் தமிழ்99 இருக்கிறது. அமைப்புகளில் மொழியைச் சேர்த்தால் போதும். தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் பார்க்கவேண்டிய ஒன்றை எதற்காக வெளியிலிருந்து கொண்டுவரவேண்டும்? பட்டியல் தொகுக்கும் மூத்த மாணவர்களும் ஒவ்வொரு நீட்சிக்கும் எதிரே எந்தத் தளத்துக்கு அனுமதி போதும் என்று ஒரு சொல் சேர்த்துவிட்டால், புதியவர்கள் தாமாகத் தேடி அலையவேண்டியதில்லை.

ஆனால், தனிமனிதர் விழிப்புணர்வு என்று இதை மாணவர் தலையில் மட்டும் கட்டிவிடுவதும் நியாயமில்லை. எங்கள் வயதினர் உயர்நிலைப் பள்ளியில் இருந்தபோதுதான் தேசிய மின்னிலக்கக் கற்றல் திட்டத்தின்கீழ் ஒவ்வொருவருக்கும் தனிக் கற்றல் சாதனம் வந்தது. 2028க்குள் என்று திட்டமிட்டிருந்ததைக் கொவிட்-19 காரணமாகக் கல்வி அமைச்சு 2021லேயே முடித்தது. சாதனத்தில் ஒரு மேலாண்மை மென்பொருளும் இருந்தது. எந்தச் செயலி, எந்தத் தளம் என்பதைப் பள்ளியால் அதன்வழி கட்டுப்படுத்த முடியும். பிள்ளைகளைக் காக்கும் வேலி என்ற அளவில் அதை நான் எதிர்க்கவில்லை. வேலிக்கும் ஆபத்து உண்டு என்பதை 2024 ஆகஸ்ட் காட்டியது. 'மொபைல் கார்டியன்' என்ற மேலாண்மைச் செயலிக்குள் ஊடுருவிய ஒருவர், 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 13,000 மாணவர்களின் சாதனங்களில் இருந்தவற்றைத் தொலைவிலிருந்தே அழித்துவிட்டார். அமைச்சு அந்தச் செயலியை எல்லாச் சாதனங்களிலிருந்தும் நீக்க முடிவெடுத்தது. அது உலாவி நீட்சி அல்ல என்றாலும் பாடம் ஒன்றுதான்: எல்லாவற்றையும் தொடும் அதிகாரத்தை ஒரு மென்பொருளிடம் கொடுத்தால், அந்த மென்பொருளுக்குள் நுழைபவருக்கும் அதே அதிகாரம் கிடைத்துவிடும்.

பள்ளியை முடித்து வெளியேறும்போது அந்த மேலாண்மை மென்பொருள் சாதனத்திலிருந்து நீக்கப்படுகிறது. அதாவது, நான்கைந்து ஆண்டுகள் வேறு யாரோ 'சரி', 'வேண்டாம்' என்று முடிவெடுத்துவந்த கணினி, பதினாறு, பதினேழு வயதில் ஒரே நாளில் முழுமையாக நம் கைக்கு வருகிறது. இணைய நலன் பாடங்களில் மோசடிக் குறுஞ்செய்தி, இணையப் பகடிவதை, கடவுச்சொல் பற்றியெல்லாம் நாங்கள் நிறையவே கற்றோம். ஒரு மென்பொருள் அனுமதி கேட்கும்போது அந்த வரியை எப்படி வாசிப்பது என்று கற்ற நினைவு எனக்கு இல்லை.

பள்ளிகளும் கல்வி அமைச்சும் இதைச் செய்யலாம் என்பது என் வேண்டுகோள். மென்பொருளை நீக்கித் தரும் அந்த நாளிலேயே அரை மணி நேரம் ஒதுக்கட்டும். ஒவ்வொரு மாணவரும் தம் உலாவியின் நீட்சிப் பக்கத்தைத் திறந்து, அங்கே இருப்பவற்றில் எது தாம் போட்டது, எது எப்படி வந்தது என்றே தெரியாதது என்று பிரிக்கட்டும். எஞ்சியவற்றின் அனுமதி வரியை ஒருமுறை உரக்க வாசிக்கட்டும். வீட்டில் அந்தக் கணினியை வேறு யாரெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்றும் எழுதட்டும். கணினிப் பாட ஆசிரியர்தான் நடத்தவேண்டும் என்பதில்லை. தமிழாசிரியரே நடத்தலாம். மொழிபெயர்ப்புப் பெட்டியிலிருந்து தொடங்கினால் வகுப்பில் ஒருவரும் தூங்கமாட்டார்கள்.